நம் மாவட்டத்து விஞ்ஞானி: வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன்

பிப்ரவரி மாதம் வந்தால் நம் குடியிருப்பில் சார்ட் பேப்பருக்கு ஒரு மவுசு வந்துவிடும். 28-ஆம் தேதி தேசிய அறிவியல் தினம். தலைப்பாகை கட்டிய சி.வி. ராமன் படத்தை வெட்டி ஒட்டி, கீழே நாலு வரி எழுதி, காலையில் பள்ளி வேனில் ஏற்றி அனுப்ப வேண்டும். இரவு பத்து மணிக்கு ஸ்கெட்ச் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெற்றோர் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கிறீர்கள். அந்தச் சார்ட்டில் ராமனுக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் இருக்க வேண்டும் என்று சொல்வதற்காகவே இந்த இதழின் வரலாற்றுப் பக்கம். அந்த இன்னொருவர் நம் மாவட்டத்துக்காரர். சதுரகிரிக்குப் போகிறவர்கள் பஸ் மாறுகிற வத்திராயிருப்பில் பிறந்தவர்.

முழுப் பெயர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். பிறந்தது 1898 டிசம்பர் 4. சில புத்தகங்களில் அவரைத் திருநெல்வேலிக்காரர் என்றும், சிலவற்றில் ராமநாதபுரத்துக்காரர் என்றும் படித்துக் குழம்ப வேண்டாம். அவர் பிறந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. 1985-ல் நம் மாவட்டம் பிரிந்தபோது இங்கே வந்தது. ஊர் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

அப்பா நிலம் வைத்திருந்த விவசாயி. தமிழிலும் வடமொழியிலும் நல்ல படிப்பு உள்ளவர். அந்த இரண்டு மொழி ஈடுபாடும் கிருஷ்ணனுக்குக் கடைசிவரை இருந்தது. முதலில் உள்ளூர்ப் பள்ளி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளி. தனக்கு அறிவியலில் ருசி ஏற்பட்டது பள்ளிக்கூட ஆசிரியரால்தான் என்று பெரியவரான பிறகும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? வேதியியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களுக்கு ஆய்வகத்தில் செய்முறை காட்டும் வேலை. பின்னாளில் உலகம் இயற்பியலாளர் என்று கொண்டாடிய மனிதர் உத்தியோகத்தைத் தொடங்கியது குப்பிகளுக்கும் பிப்பெட்டுகளுக்கும் நடுவில். அங்கே அவர் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். மதிய உணவு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வரலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எதில் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பாடத்திட்டமும் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. இந்தக் கூட்டம் பிரபலமாகி, வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்காரத் தொடங்கினார்கள். கட்டணம் கட்டி வாரத்துக்கு ஆறு நாள் பிள்ளைகளைக் கோச்சிங்குக்கு அனுப்புகிற நமக்கு, இருபது வயதுச் சொச்சத்தில் ஒருவர் சோற்று நேரத்தில் இலவசமாக நடத்திய இந்த வகுப்பைப் பற்றிக் கேட்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1920-ல் அவர் வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். அங்கே சி.வி. ராமன் இருந்தார். அது போதுமான காரணமாக இருந்தது.

இந்த இடத்தில் சிவகாசிக்காரர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1922-ல் இதே வட்டாரத்திலிருந்து, அதே கல்கத்தாவுக்கு இன்னும் இரண்டு இளைஞர்கள் போனார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்: தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம். நம்மில் பாதிப்பேர் இந்தக் குடியிருப்பில் வீடு வாங்கியதே அந்த மூன்றில் ஏதோ ஒன்றின் தயவில்தான். மழை இல்லாத கரிசல் பூமியிலிருந்து ஏறத்தாழ ஒரே சமயத்தில் கல்கத்தாவுக்கு இரண்டு பயணங்கள். ஒன்று நெருப்பைக் குச்சியில் ஏற்றும் வித்தைக்கு. இன்னொன்று ஒளியைப் பற்றித் தெரிந்துகொள்ள. முதல் பயணத்தை நாம் தினமும் பேசுகிறோம். இரண்டாவதைப் பேசுவதே இல்லை.

கல்கத்தாவில் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடம். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று தமிழில் சொல்லலாம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் நன்கொடை திரட்டித் தொடங்கியது. அங்கே 1923 கடைசியிலிருந்து கிருஷ்ணன் முழுநேர ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவர்கள் என்ன தேடினார்கள் என்பதை நமக்குப் பழக்கமான விஷயத்தை வைத்தே சொல்கிறேன். பட்டாசில் ஸ்ட்ரான்சியம் உப்பு போட்டால் சிவப்பு, பேரியம் போட்டால் பச்சை, செம்பு உப்பு போட்டால் நீலம், சோடியம் போட்டால் மஞ்சள். எரியும்போது ஒவ்வொன்றும் தன் நிறத்தைத் தானே கக்கும். நிறத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு அதை எரித்தாக வேண்டும். எரிக்காமல், தொடாமல், ஒரு பொருளின் மீது வெறும் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை மட்டும் பார்த்து உள்ளே என்ன மூலக்கூறு இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? ராமன் விளைவு கொடுத்தது இந்த வசதியைத்தான். அவர்கள் தொடங்கியபோது மனதில் இருந்தது இந்த வசதி அல்ல. 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது ராமன் கேட்டுக்கொண்ட கேள்வி, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பது. அதற்கு விடை கண்ட பிறகு, ஒளி திரவங்களில் எப்படிச் சிதறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி, தொலைநோக்கியின் பெரிய லென்ஸ் வழியாகக் குவித்து, இருட்டறையில் ஒரு குடுவைத் திரவத்துக்குள் பாய்ச்சுவார்கள். உள்ளே போகும் வழியில் ஒரு ஊதா நிறக் கண்ணாடித் தடுப்பு. பார்க்கும் கண்ணுக்கு முன்னால் அந்த ஊதாவை அறவே விடாத இன்னொரு நிறத் தடுப்பு. ஒளி நிறம் மாறாமல் சிதறினால் இரண்டாவது தடுப்பில் எல்லாம் நின்றுவிடும், கண்ணுக்கு இருட்டுத்தான். ஆனால் திரவத்துக்குள் மெல்லிய கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. 1923-ல் கே.ஆர். ராமநாதன் இதைக் கவனித்தார். திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று நினைத்து மறுபடி மறுபடி வாலை வடித்துச் சுத்தம் செய்தார்கள். கோடு போகவில்லை. கிருஷ்ணன் சுமார் 65 திரவங்களை இப்படிச் சுத்தம் செய்து ஒளிச்சிதறலை அளந்து 1925-ல் கட்டுரை வெளியிட்டார். பலவற்றில் அதே கோடு. அதற்கு 'பலவீனமான ஒளிர்வு' என்று ஒரு பெயர் வைத்து, அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார்கள்.

65 திரவங்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் தூசி இல்லாமல் வடிக்க எத்தனை நாள் ஆகும் என்று வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். கிறிஸ்தவக் கல்லூரி டெமான்ஸ்ட்ரேட்டர் அனுபவம் வீண்போகவில்லை.

இரண்டு வருடம் கணக்கும் கோட்பாடுமாக இருந்த கிருஷ்ணனை 1928 தொடக்கத்தில் ராமன் மறுபடி இருட்டறைக்குள் இழுத்தார். செய்முறையிலிருந்து நீண்டகாலம் விலகி இருப்பது விஞ்ஞானிக்கு நல்லதல்ல என்பது ராமனின் எண்ணம். அந்த பிப்ரவரியில் கிருஷ்ணன் ஒரு டைரி எழுதினார். 5-ஆம் தேதி தொடங்கும் அந்தக் குறிப்புகள்தான் ராமன் விளைவு எப்படி நாளுக்கு நாள் கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிக நெருக்கமான சாட்சி.

7-ஆம் தேதி கிருஷ்ணன் பார்த்தது இது: சுத்தமான திரவங்கள் எல்லாவற்றிலும் அந்த மங்கல் கோடு தெரிகிறது, அதோடு அது ஒரு குறிப்பிட்ட திசையில் முனைப்பட்டிருக்கிறது. இது ஏன் முக்கியம் என்றால், அழுக்கால் வரும் சாதாரண ஒளிர்வுக்கு அந்த அளவு முனைப்பு இருக்காது. ஆகவே இது வேறு ஏதோ. ராமனிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. பிறகு தானே குனிந்து ஒவ்வொரு குடுவையாகப் பார்த்தார். ஐந்து வருடமாக இது நம் கண்ணில் படாமல் போனது எப்படி என்று அங்கேயே ஆச்சரியப்பட்டார். அன்று இரவு ஒன்பது மணி வாக்கில் ராமன் கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். கீழே இறங்கிப் போனால் மனிதர் ஒரே பரபரப்பில் இருக்கிறார். காலையில் பார்த்தது, கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் கோட்பாட்டில் சொன்ன அந்த விளைவுதான் என்று சொல்லவே அந்த நேரத்தில் வந்திருந்தார். உங்கள் மேலதிகாரி இரவு ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பீர்களோ தெரியாது. இந்த இருவருக்கும் அது சந்தோஷமான இரவு.

அப்போது கிருஷ்ணனோடு இருந்தவர் எஸ். வெங்கடேஸ்வரன். அலிப்பூர் அரசு பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் ராமனின் கூடத்துக்கு வந்து ஆராய்ச்சி செய்தவர். கிளிசரினில் இதே விசித்திரத்தைச் சில வாரங்களுக்கு முன்பே கவனித்தவர் அவர்தான். சார்ட்டில் இடம் இருந்தால் அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த நாட்களில் ஆவிகளில் பார்த்தார்கள். ஈதர் ஆவி, பென்டேன் ஆவி. 16-ஆம் தேதி, ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் லண்டன் 'நேச்சர்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் போனது. 17-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்குச் சற்று நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. கிருஷ்ணனின் இடது கண்ணில் தொந்தரவு. இனி கொஞ்ச நாளைக்குப் பார்க்கும் வேலையை எல்லாம் தானே செய்வதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். வெயிலைக் குவித்த ஒளிக்கும் இருட்டறைக்கும் நடுவில் நாள்கணக்காக விழித்திருந்த கண். அந்தக் காலத்தில் அளவுக் கருவி என்பதே மனிதக் கண்தான்.

28-ஆம் தேதி நிறமாலைமானி வைத்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது: சிதறிய ஒளியில் பழைய நிறத்துக்கும் புதிய நிறத்துக்கும் நடுவே தெளிவான இருண்ட இடைவெளி. மறுநாள் செய்தி பத்திரிகைகளுக்குப் போனது. அந்த நாளைத்தான் நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 'நேச்சர்' கடிதம் மார்ச் 31 இதழில் அச்சானது.

அவசரத்துக்கு ஒரு காரணமும் இருந்தது, அது அவர்களுக்கே அப்போது தெரியாது. மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைத் தனியாகக் கண்டிருந்தார்கள், பிப்ரவரி 21 அன்று. அவர்கள் கட்டுரை வெளிவரத் தாமதமானது. ரஷ்ய மொழியில் இன்றைக்கும் இதை ராமன் விளைவு என்பதில்லை, 'சேர்க்கைச் சிதறல்' என்ற பொருளில் வேறு பெயர்தான்.

1930-ல் இயற்பியல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். கிருஷ்ணனுக்கு இல்லை.

இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கிருஷ்ணன் ஏமாற்றப்பட்டார் என்பது ஒரு கட்சி. ஏழு வருடத் திட்டம் ராமனுடையது, கிருஷ்ணன் உதவியாளர்தான் என்பது மறு கட்சி. இரண்டையும் படித்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கேள்வியைக் கேட்டவர், ஆட்களைத் திரட்டியவர், பார்த்தது என்ன என்று முதலில் புரிந்துகொண்டவர் ராமன். பரிசு அவருக்குப் போனதில் அநியாயம் இல்லை. ஆனால் 'உதவியாளர்' என்ற சொல் கிருஷ்ணனுக்குப் பொருந்தாது. முதல் கடிதத்தில் இருவர் பெயரும் உள்ளது. மே மாதம் வந்த இன்னொரு குறிப்பிலும் உள்ளது. இடையில் ஏப்ரலில் வந்த குறிப்பு ராமன் பெயரில் மட்டும். மார்ச் 16 பெங்களூர்ச் சொற்பொழிவும் ராமன் பெயரில் மட்டும் அச்சானது, அதில் கிருஷ்ணனின் பங்கை அவர் குறிப்பிட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்து பார்த்த ஒன்றுக்கு ஒருவர் பெயர் வைக்கப்பட்டது என்பதே உண்மை. கிருஷ்ணன் இதைப் பற்றிப் பொதுவெளியில் வழக்காடவில்லை. அந்த வருடம் டிசம்பரிலேயே கல்கத்தாவை விட்டு டாக்காவுக்குப் போய்விட்டார்.

எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டாக்கா பல்கலைக்கழகத்தில் அப்போது சத்தியேந்திரநாத் போஸ் இருந்தார், 'போசான்' என்ற பெயருக்குக் காரணமானவர். அங்கே ரீடராகச் சேர்ந்த கிருஷ்ணன் ஒளிச்சிதறலைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. அதில் இன்னும் பத்து வருடம் கட்டுரை எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம், உலகம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அவர் புதிதாக ஒன்றை எடுத்தார்: படிகங்களின் காந்தத் தன்மை.

கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சீனிப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் அதில் படிகம் கட்டும். உப்புகளையும் அப்படிக் கரைசலிலிருந்து பெரிய படிகமாக வளர்க்கலாம். அப்படி ஒரு நல்ல படிகத்தை, முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரண்டு துருவங்களுக்கு நடுவில் தொங்கவிட வேண்டும். படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி காந்தத்துக்குப் பதில் சொல்லாது. நீளவாக்கில் ஒரு அளவு, குறுக்குவாக்கில் வேறு அளவு. ஆகவே அது தானாகத் திரும்பி ஒரு நிலையில் நிற்கும். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று துள்ளித் திரும்பும். எத்தனை சுற்று முறுக்கியபோது துள்ளியது என்பதிலிருந்து அந்தத் திசை வேறுபாட்டைத் துல்லியமாகக் கணக்கிடலாம். ஒரு இழை, ஒரு காந்தம், ஒரு படிகம். இதை வைத்து அவரும் பி.சி. குகா, எஸ். பானர்ஜி போன்ற மாணவர்களும் எழுதிய தொடர் கட்டுரைகளை லண்டன் ராயல் சொசைட்டி 1933 முதல் வெளியிட்டது.

பயன் என்ன? படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை இந்த அளவுகள் காட்டிக்கொடுக்கும். பீரோவில் போடும் அந்துருண்டை இருக்கிறதே, நாஃப்தலீன், அந்த மாதிரிப் பொருள்களின் தட்டை மூலக்கூறுகள் உள்ளே எப்படி நிற்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். எக்ஸ்-கதிர் முறைக்குப் பக்கபலமாக இது அமைந்தது. லண்டனில் எக்ஸ்-கதிர்ப் படிகவியலில் புகழ்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமானது. ராயல் சொசைட்டியில் முதன்முதலாக உறுப்பினரான இரண்டு பெண்களில் லான்ஸ்டேல் ஒருவர்.

1933-ல் கிருஷ்ணன் மறுபடி கல்கத்தா வந்தார், அதே பௌபஜார் கட்டடத்துக்கு, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக. ராமன் அப்போது பெங்களூர் போய்விட்டார். இங்கே கிராஃபைட்டை எடுத்தார். பென்சிலில் எழுதும் கறுப்புப் பொருள். அது அடுக்கடுக்காக, தாள் கட்டு போல இருப்பது. ஒரு தாளின் ஊடே மின்சாரம் சுலபமாக ஓடும். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தாவுவது பல ஆயிரம் மடங்கு கடினம். 1939-ல் கிருஷ்ணனும் என். கங்குலியும் இந்தப் பெரிய வேறுபாட்டை அளந்து 'நேச்சரில்' எழுதினார்கள். அந்த ஒற்றைத் தாளைத் தனியாகப் பிரித்தெடுத்ததைத்தான் இன்று 'கிராஃபீன்' என்கிறார்கள், 2010-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பட்டங்களின் பட்டியல் படிக்க யாருக்கும் பிடிக்காது. 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம். 1954-ல் பத்ம பூஷண். 1958-ல் பட்நாகர் விருது தொடங்கியபோது அதன் முதல் விருது அவருக்கு.

1947-ல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் தொடங்கியபோது முதல் இயக்குநராக அவரை அழைத்தார்கள். அடிக்கல் நாட்டியவர் நேரு, 1950 ஜனவரி 21 அன்று திறந்து வைத்தவர் சர்தார் படேல். இந்த ஆய்வகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் தினமும் பயன்படுத்துகிறீர்கள். இந்தியாவில் ஒரு கிலோ என்றால் எவ்வளவு, ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு, இப்போது மணி சரியாக எத்தனை என்பதற்கெல்லாம் கடைசி வார்த்தை அங்கேதான். நம் மளிகைக்கடைத் தராசின் முத்திரை, பெட்ரோல் பங்க் லிட்டர் எல்லாம் படிப்படியாகப் போய் முடிகிற இடம். ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் அழியாத மை, 1962 பொதுத்தேர்தலில் தொடங்கி நாம் பார்க்கிறோமே, அதன் கலவையும் அந்த ஆய்வகத்தில் உருவானதுதான்.

1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது உறுப்பினர்கள் மூன்றே பேர்: ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், கே.எஸ். கிருஷ்ணன். யோசித்துப் பாருங்கள், நாட்டின் அணுசக்தியைத் தீர்மானிக்கும் மேசையைச் சுற்றி மூன்று நாற்காலி, அதில் ஒன்றில் வத்திராயிருப்புக்காரர்.

இதைப் படிக்கும்போது ரஷ்யாவின் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி ஞாபகத்துக்கு வருகிறார். 1863-ல் பிறந்தவர். அவரும் படிகங்களிலும் கனிமங்களிலும்தான் தொடங்கினார், மாஸ்கோவில் கனிமவியல் பேராசிரியர். ஒரு கனிமம் இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதாது, அதிலுள்ள தனிமங்கள் பூமிக்குள்ளும் நீரிலும் உயிரிலுமாக எங்கெல்லாம் சுற்றி அங்கே வந்து சேர்ந்தன என்று கேட்க வேண்டும் என்றார். புவிவேதியியல் என்ற துறையைக் கட்டியவர்களில் அவர் ஒருவர். 1922-ல் பெட்ரோகிராடில் ரேடியம் ஆய்வு நிலையத்தை ஆரம்பித்தார். 1940-ல், எழுபத்தேழு வயதில், நம் மண்ணில் யுரேனியம் எங்கே இருக்கிறது என்று உடனே தேடுங்கள் என்று அரசாங்கத்தை நச்சரித்து ஒரு குழுவை அமைக்க வைத்தார். 1945-ல் காலமானார். மூன்று வருடம் கழித்து நம் நாட்டில் அமைந்த ஆணையத்துக்கும் முதல் கவலை அதுவே: நம்மிடம் யுரேனியம் எவ்வளவு, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தை என்ன செய்வது. படிகத்தை இழையில் கட்டித் தொங்கவிட்டவர்கள் இரண்டு நாட்டிலும் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களை அரசாங்கம் தேடி வரும்.

அந்தத் துல்லியம் நம் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. குளோரேட்டும் கந்தகமும் சேரக்கூடாது என்பது இந்த வட்டாரத்தில் மருந்து அறைப் பக்கமே போகாதவர்களுக்கும் தெரியும். சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஆஸ்பத்திரிகளின் தீக்காய வார்டுகள் அறியும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று சொன்ன நாளிலிருந்து, ஒரு பொடிக்குள் எந்த உப்பு இருக்கிறது என்பது வேலை இருக்குமா, இல்லையா என்ற கேள்வியாகவும் ஆகிவிட்டது. மூட்டையின் மேல் ஒட்டிய லேபிளை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பதைத் தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர்களே சொல்லட்டும்.

இன்று ராமன் நிறமாலைமானி கையடக்கமாகக் கிடைக்கிறது. சூரிய ஒளிக்குப் பதில் லேசர், கண்ணுக்குப் பதில் உணர்கருவி. ஒரு கோடி ஒளித்துகள் சிதறினால் அதில் ஒன்றுதான் நிறம் மாறி வரும் என்ற அளவுக்கு அரிதான அந்த வெளிச்சத்தை அது நொடிகளில் படித்துவிடும். கண்ணாடிப் பாட்டிலைத் திறக்காமலே, வெளியிலிருந்து காட்டினால் போதும். உள்ளே இருப்பது நைட்ரேட்டா, குளோரேட்டா, பெர்குளோரேட்டா என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாளத்தை வைத்துச் சொல்லிவிடும். விமான நிலையங்களில் வெடிபொருள் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி அங்குள்ள பாறைகளின் கனிமங்களை இதே முறையில்தான் பார்க்கிறது. வெர்னாட்ஸ்கி இருந்திருந்தால் அந்த ஊர்தியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். ஒரு எச்சரிக்கையும் உண்டு, நம் ஊர் என்பதால் சொல்லியாக வேண்டும்: கருமருந்து மாதிரிக் கறுப்புக் கலவைகள் லேசரைக் குடித்துச் சூடாகிப் பற்றிக்கொள்ளக்கூடும். கலப்பதற்கு முன் உள்ள வெள்ளை உப்புகளுக்குத்தான் இந்தக் கருவி தோது.

கிருஷ்ணன் டில்லியில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. வெற்றிடத்தில் மெல்லிய நீளக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினால் வெப்பம் அதன் நீளத்தில் எப்படிப் பரவுகிறது என்று கடைசி வருடங்களில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சின்னக் கேள்வி, பல்பின் இழைக்கு உள்ள கேள்வி. அதிலும் கணக்கு முழுக்கப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. டென்னிஸ் பிடிக்கும், கால்பந்து பிடிக்கும், தமிழ் இலக்கியமும் வடமொழியும் பேசினால் நேரம் போவது தெரியாது. விஞ்ஞானி என்பதைவிட முழுமையான மனிதர், முழுமையான குடிமகன் என்று நேரு அவரைப் பாராட்டியிருக்கிறார். ஆய்வகத்தின் இயக்குநராக இருக்கும்போதே 1961 ஜூனில் காலமானார். வயது 62.

டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒன்றாகத் திரட்டி அந்த ஆய்வகமே 1988-ல் புத்தகமாக வெளியிட்டது. அணுசக்தித் துறையில், முனைவர் பட்டம் முடித்த இளைஞர்கள் ஆராய்ச்சிக்குச் சேர 'டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் ஆராய்ச்சி உதவித்தொகை' என்றே ஒன்று இருக்கிறது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வழியாக. நம் குடியிருப்பில் இயற்பியலிலோ வேதியியலிலோ ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் விண்ணப்ப அறிவிப்பு வரும்போது கவனித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் இவர் எந்த ஊர் என்று கேட்டால், நீங்கள் பஸ் வழித்தடமே சொல்லலாம்.